கொட்டாத தேனீ: வீட்டிலே வளர்ப்பது எப்படி?

(ஆனி உற்சவத்துக்கு நயினாதீவு போன நம் தோட்டக் குடும்பங்களோடு நாங்களும் போயிருந்தோம். குறிகட்டுவான் இறங்குதுறையில் லோஞ்சுக்குக் காத்திருந்த நேரத்தில் சிறுதேனீ வளர்ப்பைப் பற்றிப் பேசினோம். அன்று வர முடியாதவர்களும் கேட்டபடியால் அந்தப் பேச்சை இங்கே எழுத்தில் தருகிறோம்.)



இரவு முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்த அலுப்பு உங்கள் முகத்தில் தெரிகிறது. பிள்ளைகள் கடலைக் கண்ட சந்தோஷத்தில் நிற்கிறார்கள். லோஞ்சுக்கு வரிசை நீளம். நம்ம முறை வர எப்படியும் ஒரு மணித்தியாலம் ஆகும் என்று துறையில் சொல்லிவிட்டார்கள். சும்மா வெயிலைப் பார்த்துக்கொண்டு இருக்காமல், இந்த நிழலில் உட்கார்ந்து ஒரு நல்ல காரியத்தைப் பேசுவோம். நாங்கள் பேசப் போவது தேனீயைப் பற்றி. ஆனால் கொட்டுகிற தேனீயைப் பற்றி அல்ல, கொட்டாத தேனீயைப் பற்றி.

'தேனீ' என்றதும் சில அக்காமார் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டதைப் பார்த்தோம். அதில் பிழையே இல்லை. நமக்குக் குளவி என்றால் விளையாட்டு இல்லை. கொழுந்து மலையில் குளவி கிளம்பி, கூடையைப் போட்டுவிட்டு ஓடியவர்கள் இங்கே எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். பாதிக்கு மேல் கை உயர்ந்துவிட்டது! கொட்டு வாங்கி ஆஸ்பத்திரியில் படுத்தவர்களும் நமக்குள் இருக்கிறார்கள். உயிரை விட்டவர்களையும் நாம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம். அதனால் முதலில் அந்தப் பயத்தைப் பற்றியே பேசிவிட்டு, பிறகு தேனுக்கு வருவோம்.

குளவி வேறு, இது வேறு

தோட்டத்தில் நாம் 'குளவி' என்று ஒரே பெயரில் சொல்வது உண்மையில் இரண்டு வகை உயிர்களை. ஒன்று பெரிய தேனீ. மலைத்தேனீ என்றும் சொல்வார்கள், சிங்களத்தில் பம்பரா. உயர்ந்த மரக்கிளையிலும் பாறையிலும் ஒரே ஒரு பெரிய அடையைத் திறந்தவெளியில் தொங்கவிடும். மற்றது உண்மையான குளவி. சிங்களத்தில் தெபரா. அது கடதாசி மாதிரி ஒன்றால் கூடு கட்டும், தேன் வைக்காது. இரண்டுமே கூட்டமாகக் கிளம்பிக் கொட்டும். இந்த இரண்டுக்கும் கிட்டே போக வேண்டாம். கல் எறிய வேண்டாம், புகை போட வேண்டாம். மலையில் கண்டால் கங்காணியிடமோ துரையிடமோ சொல்லி, அந்தப் பக்கம் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். கொட்டு வாங்கியவருக்கு மூச்சு முட்டினாலோ, முகம் வீங்கினாலோ, மயக்கம் வந்தாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

நாங்கள் சொல்லும் சிறுதேனீ இந்த இரண்டிலும் சேராது. பார்த்தால் கொசு அளவு, கறுப்பு நிறம். நீளம் நாலு மில்லிமீற்றர் வரும். அதனால்தான் கொசுத்தேனீ என்ற பெயர். சிறுதேனீ என்றும் சொல்வார்கள். சிங்களச் சகோதரர்கள் கணமீ என்கிறார்கள். கேரளத்தில் செறுதேனீச்சை. விஞ்ஞானிகள் வைத்த பெயர் டெட்ராகொனுலா இரிடிபென்னிஸ். வாயில் நுழையாத பெயர்தான். ஆனாலும் இதில் நமக்கு ஒரு பெருமை உண்டு. 1854ஆம் ஆண்டில் பிரெட்ரிக் ஸ்மித் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இந்தப் பூச்சிக்கு முதன்முதலில் பெயர் வைத்தபோது, அவர் முன்னால் இருந்தது இலங்கையில் பிடித்த தேனீ. இரிடிபென்னிஸ் என்றால் வானவில் இறக்கை. வெயிலில் பிடித்துப் பார்த்தால் அந்தக் குட்டி இறக்கையில் நிறம் ஓடுவது தெரியும்.

இதற்குக் கொடுக்கு இருக்கிறது, ஆனால் வளராமல் சூம்பிப்போனது. அதால் குத்த முடியாது. 'அப்ப தன்னைக் காப்பாத்திக்க என்னதான் செய்யும்?' என்று ஒரு தம்பி கேட்கிறார். நல்ல கேள்வி. கூட்டைத் திறந்தால் தலைமயிருக்குள் புகும், காதுக்குள் புகப் பார்க்கும், சின்னதாகக் கடிக்கும், பிசினை ஒட்டிவிடும். எரிச்சலாக இருக்கும், அவ்வளவுதான். தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டால் போதும். உலகத்தில் கொட்டாத தேனீ ஐந்நூறு இனத்துக்கு மேல் உண்டு. மெக்சிக்கோவின் யுகட்டான் பகுதியில் மாயர் என்ற பழங்குடி மக்கள் பல நூற்றாண்டுகளாக மரக்குற்றியில் இவற்றின் ஓர் இனத்தை வளர்த்து வருகிறார்கள். மலேசியாவில் கெலுலுட் என்ற பெயரில் பெரிய தொழிலாகவே நடக்கிறது. அந்தத் தேனின் தரத்துக்கு 2017இல் அரசாங்க அளவுகோலே போட்டுவிட்டார்கள். கேரளத்தில் வீட்டுச் சுவரிலும் மூங்கிலிலும் மண்சட்டியிலும் வைத்து வளர்ப்பது பழைய வழக்கம். வெள்ளாயணியில் இருக்கிற கேரள விவசாயப் பல்கலைக்கழகக் கல்லூரியில் இதற்கென்றே ஆராய்ச்சி செய்கிறார்கள்.

புங்குடுதீவு வீட்டுச் சுவர்

இதை ஏன் குறிகட்டுவானில் வைத்துப் பேசுகிறோம் என்று கேட்பீர்கள். நீங்கள் வந்த வழியை யோசித்துப் பாருங்கள். தாம்போதி கடந்து புங்குடுதீவுக்குள் வந்ததும் இரண்டு பக்கமும் பனையும் வேம்பும், இடையிடையே ஆளில்லாத பெரிய கல்வீடுகளும் பார்த்திருப்பீர்கள். 1990களின் தொடக்கத்தில் போரால் இந்தத் தீவுச் சனங்கள் பெரும்பகுதி இடம்பெயர்ந்து போனார்கள். பலர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். சில வீட்டுக்கு ஆட்கள் திரும்பினார்கள், பல வீட்டுக்குத் திரும்பவில்லை. லயத்தை விட்டு ஓடுவது எப்படி இருக்கும் என்று நமக்கும் தெரியும். 1977இலும் 1983இலும் மலையகத்திலிருந்து அடிபட்டு வன்னிக்கு வந்தவர்களின் சொந்தக்காரர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள்.

போன வருஷம் மாசி மாதம் வேறொரு வேலையாக இங்கே வந்தபோது அப்படி ஒரு வீட்டுக்குப் போனோம். வீட்டுக்கார அம்மா வெளிநாட்டிலிருந்து வந்து, பழைய வீட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். முன்பக்கச் சுவரில் ஒரு வெடிப்பு. வெடிப்பின் வாயில் விரல் நுனி அளவுக்கு மெழுகுக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிக் கறுப்பாக நாலைந்து பூச்சி காவல் நின்றன. மேசன் சீமெந்து குழைத்து வைத்துவிட்டார். இன்னும் பத்து நிமிஷம் பிந்தியிருந்தால் வாசல் அடைபட்டிருக்கும்.

'அம்மா, கொஞ்சம் பொறுங்க, இது கொட்டாத தேனீ' என்று சொன்னோம். அவர் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, 'நாங்கள் வீட்டை விட்டுட்டுப் போயிட்டம். அதுகள் இருந்திருக்குதுகள்' என்றார். மேசனைப் பார்த்து, 'தம்பி, அந்த இடத்தை இப்ப பூசாதேங்கோ' என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கூட்டை உடைக்காமல், சுவரையும் இடிக்காமல், அதிலிருந்தே ஒரு பெட்டிக்குக் குடும்பம் பிரித்தோம். அதை எப்படிச் செய்தோம் என்று சொல்லத்தான் இந்தப் பேச்சு. நம்ம லயச் சுவரிலும் இதே தேனீ இருக்கலாம். ஒரு தோட்டத்தில் லயத்து வெடிப்பில் சிறுதேனீ இருக்கிறது என்று கேள்விப்பட்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, குளவி என்று பயந்து முதல் நாளே மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டார்கள். நிலத்தில் கறுப்பாகக் கொட்டிக் கிடந்தன. ஊற்றியவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவர் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தது. யாரும் அவருக்கு வித்தியாசம் சொல்லிக் கொடுக்கவில்லை, அதுதான் குறை.

கூட்டுக்குள் என்ன இருக்கிறது?

வளர்க்க முன்னம் கூட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். பெரிய தேனீயின் அடை மாதிரி அறுகோண அறைகள் வரிசையாக இங்கே இராது. இந்தத் தேனீ தன் உடம்பில் சுரக்கும் மெழுகை, மாமரம் பலாமரத்தில் எடுக்கிற பிசினோடு சேர்த்துக் குழைத்து வீடு கட்டும். வாசலில் ஒரு குழாய். உள்ளே நடுவில் கொத்தமல்லி விதை அளவில் சின்னச் சின்ன அறைகள் கொத்தாக இருக்கும். அதுதான் குஞ்சுக் கொத்து. அதைச் சுற்றி ஓரத்தில் கடலைப் பருமனில் குடங்கள் இருக்கும். சில குடத்தில் தேன், சில குடத்தில் மகரந்தம்.

வேலைக்காரத் தேனீ அறை கட்டி, அதற்குள் உணவை நிரப்பும். ராணி வந்து அதன்மேல் ஒரு முட்டையிடும். உடனே அறையை மூடிவிடும். குஞ்சு உள்ளேயே தின்று வளர்ந்து வெளியே வர ஏறத்தாழ ஒன்றரை மாதம். ராணியின் வயிறு முட்டையால் பருத்திருக்கும், அதால் பறக்க முடியாது. இது முக்கியம். பெட்டித் தேனீ பெருகிப் பிரியும்போது பழைய ராணி கூட்டத்தோடு கிளம்பிப் போகும். சிறுதேனீயில் அம்மா வீட்டிலேயே இருக்கும், மகள்தான் புது வீட்டுக்குப் போவாள். அதற்கு முன்னமே வேலைக்காரத் தேனீக்கள் புது இடத்தைப் பார்த்து, தாய்வீட்டிலிருந்து மெழுகும் தேனும் கொண்டுபோய்ச் சேர்க்கும். சீதனம் மாதிரி! இந்தக் குணத்தை வைத்துத்தான் சுவர்க் கூட்டிலிருந்து பெட்டிக்குப் பிரிக்கிறோம்.

பெட்டி

பெட்டிக்குப் பெரிய செலவில்லை. ஓர் அங்குலத் தடிப்புப் பலகை எடுங்கள். பழைய பலகை இன்னும் நல்லது. பூச்சி மருந்தோ பெயின்ற்றோ அடித்த பலகை வேண்டாம். உள்ளளவு நீளம் பதினாலு அங்குலம், அகலம் மூன்று, உயரம் மூன்று. இரண்டு லீற்றர் அளவு பிடிக்கும். பெட்டியைப் பெரிதாக்கினால் தேன் கூடும் என்று நினைக்காதீர்கள். இடம் கூடினால் அதுகளால் சூட்டைக் காக்கவும் எதிரியை விரட்டவும் முடியாது. மூடியைத் திருகாணியால் பூட்டுங்கள். ஆணி அடித்தால் பிறகு திறக்கும்போது பெட்டி அதிரும். முன்பக்கம் பென்சில் போகிற அளவில் ஒரு துளை போதும்.

பலகை இல்லையா? நல்ல தடித்த மூங்கில் கணு ஒன்றை நீளப்பாட்டில் இரண்டாகப் பிளந்து, திரும்பச் சேர்த்துக் கம்பியால் கட்டுங்கள். ஒரு முனையில் துளை போடுங்கள். தேன் எடுக்கும்போது கம்பியை அவிழ்த்தால் புத்தகம் மாதிரித் திறக்கும். கேரளத்தில் பலர் இப்படித்தான் வளர்க்கிறார்கள்.

சுவரிலிருந்து பெட்டிக்கு

புங்குடுதீவு வீட்டில் செய்தது இதுதான். முதலில் ஒரு நாள் உட்கார்ந்து, தேனீ எந்தெந்த ஓட்டையால் போய் வருகிறது என்று பார்த்தோம். பெரிய வாசலை விட்டு மற்ற ஓட்டைகளைக் களிமண்ணால் அடைத்தோம். வாசலில் இருந்த மெழுகுக் குழாயை உடையாமல் கழற்றி எடுத்து வைத்தோம். அரை அங்குல ரப்பர்க் குழாய் ஒன்றை வெடிப்புக்குள் வைத்து, சுற்றிக் களிமண் பூசினோம். குழாயின் மறுமுனை பெட்டியின் பின்பக்கத் துளைக்குள் போயிற்று. பெட்டியின் முன்பக்கத் துளைதான் இனி வெளிவாசல். பழைய மெழுகுக் குழாயை அந்த முன்வாசலில் ஒட்டினோம். வாசம் பிடித்து வந்து சேர வேண்டுமே!

இனிமேல் வெளியே போகிற தேனீ பெட்டியைக் கடந்துதான் போக வேண்டும், கடந்துதான் வர வேண்டும். முதல் நாள் ஒரே குழப்பம். வாசலில் கூட்டமாகச் சுற்றின. இரண்டாம் நாள் பழகிவிட்டன. பிறகு பொறுமைதான் வேலை. பாதையாக இருந்த பெட்டியில் ஒரு நாள் மெழுகு ஒட்டும், பிறகு தேன் குடம் வரும், பிறகு மகரந்தக் குடம் வரும். கடைசியில் புது ராணி வந்து முட்டையிடும். மூன்று நாலு மாதத்திலும் நடக்கலாம், ஒரு வருஷத்தைத் தாண்டியும் போகலாம். பங்குனியில் வைத்த அந்தப் பெட்டியில் தை மாதம்தான் குஞ்சுக் கொத்தைக் கண்டோம். புதிதாகக் கட்டிய அறைகள் தொடர்ந்து வருகின்றனவா என்று இன்னும் ஒரு மாதம் பார்த்த பிறகே குழாயைக் கழற்றினோம்.

அம்மா மேசனைத் திரும்பக் கூப்பிட்டார். சுவரைப் பூசினார்கள், ஆனால் தாய்க்கூட்டுக்கு ஒரு சின்னக் குழாயைச் சீமெந்துக்குள் வைத்து வாசல் விட்டுப் பூசினார்கள். மகள் பெட்டி விறாந்தையில் தொங்குகிறது. தாயும் இருக்கிறது, மகளும் இருக்கிறது, சுவரும் விழவில்லை.

விழுந்த மரத்தில் கண்டால்

லயத்துப் பக்கம் கவ்வாத்தில் வெட்டிய கிளையிலோ, காற்றில் விழுந்த மரத்திலோ கூடு இருந்தால் அப்படியே விட்டால் எறும்பு முடித்துவிடும். அதைக் காப்பாற்றலாம். நல்ல வெயில் உள்ள காலை நேரத்தில் மரத்தைப் பொறுமையாகப் பிளவுங்கள். கரண்டியால் குஞ்சுக் கொத்தை நசுங்காமல் எடுத்துப் பெட்டிக்குள் வையுங்கள். உடையாத மகரந்தக் குடங்களையும் கொஞ்சம் வையுங்கள். உடைந்த தேன் குடத்தை மட்டும் பெட்டிக்குள் வைக்கவே வேண்டாம். தேனில் தேனீ மூழ்கும், எறும்பு வரும், சின்ன ஈ வந்து முட்டையிட்டுப் புழு வைக்கும். ராணி மற்றதைவிட நீளமாக, பருத்த வயிற்றோடு இருக்கும். கண்டால் கையால் பிடிக்காமல் ஓர் இலையில் ஏறவிட்டு உள்ளே விடுங்கள். ராணி கண்ணில் படாவிட்டாலும் மனம் விட வேண்டாம். குஞ்சுக் கொத்தில் மற்றதைவிடப் பெரிய அறை இருந்தால் அது ராணிக் குஞ்சு.

பெட்டியைப் பழைய கூடு இருந்த அதே இடத்தில், வாசல் அதே பக்கம் பார்க்க வையுங்கள். வெளியே போன தேனீ எல்லாம் அங்கேதான் திரும்பி வரும். பொழுதுபட்டு எல்லாம் உள்ளே போன பிறகு வாசலை வலைத்துணியால் மூடி வீட்டுக்குக் கொண்டு போகலாம். தூரம் கொஞ்சமென்றால் தேனீ பழைய இடத்துக்கே பறந்துபோய்விடும். அப்படியானால் சில கிழமை ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் வைத்துவிட்டுப் பிறகு கொண்டுவர வேண்டும்.

நல்லாயிருக்கிற மரத்தைக் கூட்டுக்காக வெட்ட வேண்டாம். காப்புக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் போய் எடுப்பது குற்றம். தேனுக்காக மரத்தைப் பிளந்து, எல்லாவற்றையும் பிழிந்துவிட்டுப் போகிற வழக்கம் நமக்குள்ளும் உண்டு. ஒரு போத்தல்கூட நிரம்பாத தேனுக்காக ஒரு குடும்பமே அழிகிறது. அதை விட்டுவிடுவோம்.

எங்கே வைப்பது? எதற்குப் பயப்படுவது?

இஸ்தோப்பில் கூரைக்குக் கீழே, காலை வெயில் கொஞ்சம் படுகிற, மத்தியானம் நிழலாக இருக்கிற இடம் நல்லது. மழைச்சாரல் படக்கூடாது. அடுப்புப் புகை வருகிற பக்கம் வேண்டாம். பெட்டியை ஒருமுறை வைத்தால் இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம்.

முதல் எதிரி எறும்பு. பெட்டியைக் கம்பியில் தொங்கவிட்டு, கம்பியில் கிறீஸ் தடவிய துணியைச் சுற்றுங்கள். மேசையில் வைத்தால் நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய டின்னில் வையுங்கள். தண்ணீர் வற்றாமல் பாருங்கள். அடுத்தது பல்லி. வாசலுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வருவதை எல்லாம் நக்கிவிடும். சிலந்தி வலையைத் தினமும் துடைத்துவிடுங்கள்.

மூன்றாவது எதிரி நாமேதான். களைக்கும் பூச்சிக்கும் அடிக்கிற மருந்தைச் சொல்கிறோம். இந்தத் தேனீ வீட்டைச் சுற்றிச் சில நூறு மீற்றருக்குள்தான் பறக்கும். வீட்டுத் தோட்டத்தில் பூத்திருக்கிற மிளகாய்க்கோ பயற்றங்கொடிக்கோ காலையில் மருந்து அடித்தால் மத்தியானம் பெட்டி காலி. அடித்தே ஆக வேண்டுமென்றால் பொழுதுபட்ட பிறகு அடியுங்கள், பூவில் படாமல் அடியுங்கள்.

பூ இருந்தால்தான் தேனீ. இந்தத் தீவில் அதுக்குச் சாப்பாடு வேம்பு, முருங்கை, தென்னை, பனை, புளி. நம்ம பக்கம் கொய்யா, முருங்கை, பூசணி, துளசி, தும்பை, தொட்டாச்சிணுங்கி. ஒரு பாத்தியில் துளசி வைத்து, கொத்தமல்லி இரண்டு செடியைப் பூக்க விட்டாலே வித்தியாசம் தெரியும். இறப்பர்த் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி. இறப்பர் இலை தளிர்க்கும்போது இலைக்காம்பில் இனிப்பு நீர் கசியும். கன்னியாகுமரி, கேரளப் பக்கம் பெட்டித் தேனீ வளர்ப்பவர்கள் அதை நம்பித்தான் தொழில் செய்கிறார்கள்.

இங்கே ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். இது சூட்டை விரும்புகிற தேனீ. மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி, களுத்துறைப் பக்கத் தோட்டங்களுக்கு நல்லாகப் பொருந்தும். நுவரெலியா மாதிரிக் குளிர்ப் பக்கத்தில் இருப்பவர்கள் கீழே இருந்து பெட்டி கொண்டுபோய் வைத்தால் பாவம், செத்துவிடும். உங்கள் இடத்தில் இந்தத் தேனீ தானாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வளர்க்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம். அங்கே பெட்டியில் வளர்க்கிற அடுக்குத் தேனீ உண்டு. அது கொட்டும், ஆனால் பழகலாம். அதற்கு வழிகாட்ட பண்டாரவளை பிந்துனுவெவயில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருக்கிறது.

தேன் எடுப்பது

எங்கள் முதல் பெட்டி என்ன ஆனது தெரியுமா? வைத்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. ஆசை தாங்கவில்லை. மழைக்கால ஆரம்பத்தில் திறந்து, கண்ட குடத்தை எல்லாம் எடுத்தோம். கிடைத்தது ஒரு தேத்தண்ணீர்க் கோப்பை. வழிந்த தேனைத் துடைக்கவில்லை. அன்றிரவே எறும்பு வந்தது. மிஞ்சியது மழையில் பசியால் செத்தது. ஒரு மாதத்தில் பெட்டி வெறும் பெட்டி. அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம்.

முதல் வருஷம் தேன் எடுக்கவே வேண்டாம். அடுத்த வருஷத்திலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை, பூக்காலம் முடிகிற தறுவாயில் எடுங்கள். வடக்கில் மாரி மழைக்குப் பிறகு தை தொடங்கிச் சித்திரை வரை பூ இருக்கும். உங்கள் ஊரில் எப்போது என்று நீங்களே பார்த்துக் குறித்து வையுங்கள். ஓரத்துத் தேன் குடங்களில் பாதியை மட்டும் எடுங்கள். மகரந்தக் குடத்தையும் குஞ்சுக் கொத்தையும் தொட வேண்டாம். குடத்தை உடைத்துச் சுத்தமான துணியில் தானாக வடியவிடுங்கள். கையால் பிழிந்தால் மகரந்தம் கலந்து சீக்கிரம் புளிக்கும்.

நல்ல பெட்டி ஒன்றில் வருஷத்துக்குக் கிடைப்பது சில நூறு கிராம், மிஞ்சினால் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 'இவ்வளவுதானா?' என்று முகம் வாடுகிறது. கேளுங்கள். இந்தத் தேன் கொஞ்சம் புளிப்பு, மருந்துக்குத் தேடி வாங்குவார்கள். சாதாரணத் தேனைவிடப் பல மடங்கு விலை போகும். 2020இல் அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் மலேசியா, பிரேசில், அவுஸ்திரேலியா நாடுகளின் கொட்டாத தேனீத் தேனைச் சோதித்து, அதில் டிரெஹாலுலோஸ் என்ற அரிய சர்க்கரை அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். அது இரத்தத்தில் மெதுவாகச் சேர்கிற சர்க்கரை. அதற்காக நீரிழிவுக்காரர் போத்தலோடு குடிக்கலாம் என்று அர்த்தமில்லை. டொக்டரைக் கேட்டே சாப்பிடுங்கள். ஒரு வயதாகாத பிள்ளைக்கு எந்தத் தேனையும் நாக்கில் வைக்க வேண்டாம். பெரியவர்கள் சேனை வைக்க வந்தாலும் பணிவாக மறுத்துவிடுங்கள். பிள்ளையின் குடலில் கடுமையான நஞ்சு உண்டாகக்கூடும்.

இந்தத் தேனில் தண்ணீர்ச் சத்துக் கூட. கடைத் தேனில் நூற்றுக்கு இருபதுக்குள் இருக்கும் தண்ணீர், இதில் இருபத்தைந்தையும் தாண்டும். அதனால் நுரைக்கும், புளிக்கும். கண்ணாடிப் போத்தலில் போட்டுக் குளிரான இடத்தில் வையுங்கள், நீண்ட நாள் வைக்காமல் விற்றுவிடுங்கள். கூட்டுவதற்காகச் சீனிப்பாகு கலந்தால் ஒரு முறை விற்கலாம், இரண்டாம் முறை யாரும் வாங்க மாட்டார்கள்.

தேனைவிடப் பெரிய இலாபம் தோட்டத்தில் இருக்கிறது. பூசணி, வெள்ளரி, கொய்யா, மிளகாய் எல்லாவற்றுக்கும் இந்தத் தேனீ பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டு போகும். லயத்துப் பின்பக்கம் நாலு பாத்தி வைத்திருக்கிற குடும்பத்துக்கு அதுவே சம்பளத்துக்கு மேல் ஓர் உதவி.

ஓர் அக்கா கேட்ட கேள்வி

'ஏங்க, பச்சைப் புள்ள இருக்கிற காம்பராவுல வைக்கலாங்களா?' என்று ஓர் அக்கா கேட்கிறார். அக்கா, கொட்டாது, பயப்பட வேண்டாம். ஆனால் பிள்ளையின் தொட்டிலுக்கு நேர் மேலே வைக்க வேண்டாம். பெட்டியைத் திறக்கிற அன்று பிள்ளையை அடுத்த வீட்டில் விடுங்கள், காதுக்குள் புகுந்தால் பிள்ளை பயந்துவிடும். வாசலைத் தினமும் பார்க்கிற வேலையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கொடுங்கள். காலில் மஞ்சள் உருண்டையோடு வந்தால் மகரந்தம், உள்ளே குஞ்சு வளர்கிறது. காவல் நிற்பது குறைந்தால் ஏதோ கோளாறு. இதைப் பார்க்கப் பழகிய பிள்ளை எந்தப் பூச்சியையும் மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்காது.

லோஞ்சுக்காரர் கூப்பிடுகிறார், நம்ம வரிசை நகர்கிறது. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், பலகையில் பார்த்து ஏறுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறோம். ஊருக்குத் திரும்பிப் போனதும் உங்கள் லயச் சுவரையும் முற்றத்து மரத்தையும் ஒரு முறை சுற்றிப் பாருங்கள். எங்கேயாவது ஒரு மெழுகுக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் அதை அடைக்க வேண்டாம். எங்களுக்கு ஒரு சொல் அனுப்புங்கள், குழாயும் பெட்டியும் கொண்டு நாங்கள் வருகிறோம்.

நினைவில் வைக்க:

1. பெரிய தேனீக்கும் குளவிக்கும் கிட்டே போகாதீர்கள். வாசலில் மெழுகுக் குழாய் உள்ள கொசு அளவுக் கறுப்புத் தேனீதான் சிறுதேனீ.

2. சுவர்க் கூட்டை உடைக்காமல் குழாய் வைத்துப் பெட்டிக்குப் பிரியுங்கள். பொறுமை வேண்டும்.

3. பெட்டி சிறிதாக, தடித்த பலகையில் இருக்கட்டும்.

4. எறும்புக்குக் கிறீஸ் துணி அல்லது தண்ணீர் டின்.

5. பூத்த செடிக்குப் பகலில் மருந்து அடிக்க வேண்டாம்.

6. முதல் வருஷம் தேன் எடுக்க வேண்டாம். பிறகும் பாதிதான் நமக்கு, மீதி அதுகளுக்கு.

7. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தேன் கொடுக்க வேண்டாம்.